கீரை பறிக்க நாள் எண்ண வேண்டாம், தண்டைத் தொட்டுப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மொட்டைமாடியில் மூன்று பைகளில் முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை விதைத்து 32 நாள் ஆகிறது. விதை பாக்கெட்டில் 45 நாள் என்று போட்டிருந்ததால் கை வைக்காமல் இருக்கிறேன். அதற்குள் சில செடிகள் பூத்துவிட்டன. இனி சாப்பிடலாமா? வேரோடு பிடுங்குவதா, கிள்ளுவதா?”

பூத்த செடிகளை இன்றைக்கே எடுத்துச் சமைத்துவிடுங்கள் அம்மா. பூ வந்தால் கீரை கெட்டுப்போவதில்லை. ஆனால் அதன் பிறகு செடி தன் சத்தையெல்லாம் விதைக்கு அனுப்பத் தொடங்கும். இலை சிறுக்கும், தண்டில் நார் ஓடும். பூ எல்லாச் செடியிலும் நுனியில் கதிராக வராது. சிலவற்றில் காம்பு தண்டோடு சேரும் இடுக்கில், கடுகளவு பச்சை உருண்டைகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

பாக்கெட்டில் உள்ள நாள்கணக்கு வெறும் தோராயம். வெயில், தண்ணீர், பையின் அளவு எல்லாம் அதை மாற்றிவிடும். நான் நம்புவது கட்டைவிரல் நகத்தைத்தான். மண்ணிலிருந்து நாலு விரல் மேலே தண்டில் நகத்தை அழுத்துங்கள். சுலபமாக இறங்கி நீர் கசிந்தால் பிஞ்சு. நகம் வழுக்கினாலோ, ஒடிக்கும்போது நார் நூலாகத் தொங்கினாலோ முற்றிவிட்டது. கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறோமே, அதே பரிசோதனைதான். முற்றியதாகத் தெரிந்தால் தூக்கிப் போடாதீர்கள். அடித்தண்டை மட்டும் கழித்துவிட்டு, மேலே போகப் போக ஒடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒடியும் இடத்திலிருந்து நுனி வரை சமையலுக்கு ஆகும்.

முளைக்கீரையும் தண்டுக்கீரையும் பெரும்பாலும் ஒரே விதைதான், பிடுங்கும் நாள்தான் வேறு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் இரண்டுக்கும் பொதுவாகப் பயன்படுவது. ஒரு சாண் உயரத்தில், 20 முதல் 25 நாளுக்குள் வேரோடு பிடுங்கினால் முளைக்கீரை. கடைசலுக்கு அதுதான் அருமை. விட்டுவைத்தால் 35, 40 நாளில் தண்டு விரல் பருமனாகும். இறால் போட்ட கீரைத்தண்டு குழம்புக்கு அந்தப் பருவம்தான் வேண்டும். அதனால் ஒரே பையில் இரண்டையும் எடுக்கலாம்: நெருக்கமாக இருப்பதை முதலில் முளைக்கீரையாகப் பிடுங்குங்கள், இடம் கிடைத்த மற்றவை தண்டு பிடிக்கும்.

அரைக்கீரையைப் பிடுங்கவே கூடாது. மண்ணிலிருந்து நாலு விரல் விட்டு, இரண்டு மூன்று கணுவாவது கீழே நிற்கும்படி நறுக்குங்கள். அந்தக் கணுக்களிலிருந்துதான் புதுத் துளிர் வரும். முதல் அறுப்பை 25 நாளிலேயே தொடங்கியிருக்கலாம். அப்புறம் பத்து நாளுக்கு ஒருமுறை அறுத்துக்கொண்டே இருந்தால் பூக்க இடம் கொடுக்காது.

சரி, 32 நாளில் ஏன் பூத்தது? தண்ணீர் ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைந்தாலும், சின்னப் பையில் வேர் நெருக்குண்டாலும், பகல் சுருங்கும் கார்த்திகை, மார்கழியிலும் சீக்கிரம் பூக்கும். உங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. கடலோரத்தில் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். கீரை ஓரளவு உப்பைத் தாங்கும், ஆனால் பையில் உப்பு சேரச் சேர இலை ஓரம் கருகும், செடி திணறும். பை ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் மெட்ரோ தண்ணீரையோ மழைநீரையோ அடியில் வழியும் வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ரோட்டோர மண்ணையோ பழைய பட்டறை இருந்த இடத்து மண்ணையோ பையில் போடாதீர்கள். மண்ணில் ஈயம், காட்மியம் இருந்தால் கீரை அதை இலைக்கு இழுத்துக்கொள்ளும். அது கழுவினாலும் போகாது. இலைமேல் படியும் தூசிக்கு மட்டும்தான் மூன்று தண்ணீர் அலசல் உதவும்.

பறிப்பதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், இலை விறைப்பாக இருக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

விதைக்கு விடுவதாக இருந்தால் முதலில் பூத்த செடியை விடாதீர்கள், அதன் பிள்ளைகளும் சீக்கிரம் பூக்கக்கூடும். கடைசியாகப் பூக்கும் நல்ல செடி ஒன்றிரண்டை ஓரத்தில் நிறுத்துங்கள். கதிர் பழுத்து, உள்ளங்கையில் தேய்த்தால் கருப்பு விதை மினுமினுவென்று உதிரும்போது அறுத்து, நிழலில் காயவைத்து எடுத்துவையுங்கள். அடுத்த விதைப்பில் ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு பிடி மணல் கலந்து தூவுங்கள்.