பல் ஆடினால் பழி வயதின் மீதா?

கேள்வி: எனக்கு 61 வயது. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. வயதானால் பல்லைத் தாங்கும் திசுக்களில் மரபணுக்களின் செயல்பாடே மாறிவிடும் என்று படித்தேன். அப்படியானால் சிகிச்சையால் பயன் உண்டா? மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: நீங்கள் படித்தது சரி. அதை வைத்துச் சிகிச்சையே வீண் என்று நினைப்பதுதான் சரியில்லை.

பல்லின் வேர் தாடை எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இணைப்பு நார் இருக்கிறது. மெல்லும்போது விழும் அழுத்தத்தை வாங்கிக்கொள்வது அதுதான். அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் ஓயாமல் புதுப்பிக்கப்படுகின்றன. பழையதை அகற்றிப் புதியதை உருவாக்குபவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்.

வயது கூடும்போது இந்தச் செல்களின் மரபணுக்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. எந்த மரபணு எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் குலைகிறது. மரபணுக்களின் இயக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் சிறு வேதிக் குறிகள் டி.என்.ஏ. மீது உண்டு; மெத்தில் குறிகள் எனப்படும் இவை சில இடங்களில் கூடுகின்றன, சில இடங்களில் குறைகின்றன. மரபணுக்களின் வேலையை அடக்கிவைக்கும் நுண் ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறுகளின் அளவும் மாறுகிறது. கொலாஜன் உற்பத்தி மந்தமாகிறது. சில செல்களில் பி16 என்ற மரபணு மும்முரமாகி, அவை பிரிவதையே நிறுத்திவிடுகின்றன. நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை! இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களையும் கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளையும் சுரந்து, பக்கத்துச் செல்களுக்கும் தொல்லை தருகின்றன. வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டம் மட்டும் விதிவிலக்கு; அது வயதோடு தடித்துக்கொண்டே போகிறது.

இத்தனை நடந்தும், ஈறு ஆரோக்கியமாக இருந்தால் வயதால் மட்டும் பல் ஆடிவிடுவதில்லை. கிருமிப் படலமும் அது இறுகி உண்டாகும் பற்காரையும் ஈறுக்கு அடியில் சேரும்போதுதான் வித்தியாசம் தெரியும்: இளவயதில் சமாளித்த அதே புண், இப்போது அதிக அழற்சியைக் கிளப்பி, தாமதமாக ஆறும். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இதை மோசமாக்கும். புகை மெத்தில் குறிகளையும் மாற்றுகிறது. புகையை விட்டவர்களின் ரத்தச் செல்களில் அவற்றில் பல மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே ‘மரபணு’ என்றதும் தலைவிதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மரபணுப் பரிசோதனை வேண்டாம். அதில் வரும் முடிவு எதுவாக இருந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பணத்துக்கு ஈறு நோய் நிபுணர் ஒருவரைப் பாருங்கள். அவர் அளவுகோல் கருவியால் ஈறுப்பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின்) ஆழத்தை அளப்பார்; 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். வேர்வரை சுத்தம் செய்து அழற்சி வடிந்ததும், லேசாக ஆடும் பற்கள் பல நேரம் ஓரளவு இறுகிவிடும். பிடிமானம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். அதுவரை பல்லைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம். சீழ், திடீர் வீக்கம் இருந்தால் மட்டும் உடனே போங்கள்.