மேஸ்திரி பானெப் மீது ஒரு மனு

அன்புள்ள அக்கா,
எகிப்திய அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டியவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த பானெப், அதே கல்லறைகளில் கொள்ளையடித்தான் என்று படித்தேன். மனசு விட்டுப்போனது. ஒரு திருடனின் கைவேலையை ரசிப்பது சரியா? அவனுக்குத் தண்டனை கிடைத்ததா?

அன்புள்ள தம்பி,
கேள்வி கேட்கும்போதே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்களே! ரசிக்கலாமா என்பதை விடுங்கள். அந்தச் சுவர்கள் ஒருவன் கைவேலை அல்ல. கல்லறைத் தொழிலாளர்கள் வாழ்ந்த தெய்ர் எல் மதீனா என்ற ஊரே சேர்ந்து செய்தது. தண்டனைக்கும் வருகிறேன், முதலில் அந்தக் கதைக்கு மூலமான மனு.

ஏறக்குறைய 3200 ஆண்டுகளுக்கு முன் அமென்நக்த் என்பவன் பானெப் மீது தலைமை அமைச்சருக்கு எழுதியது. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத குற்றமே இல்லை. பானெப் அரசர் இரண்டாம் சேத்தியின் அடக்கப் பொருட்களைத் திருடினான், அவருடைய மதுவைக் குடித்துவிட்டு அவர் கல் சவப்பெட்டி மேலேயே உட்கார்ந்தான், அரசி ஹெனுத்மிரேயின் கல்லறையிலிருந்து வாத்தை எடுத்துவிட்டு இல்லையென்று சத்தியம் செய்தான், அடுத்தவர் மனைவிகளைத் தொட்டான், வேலையாளைத் தன் மாட்டுக்குத் தீனி போட வைத்தான்.

எல்லோரும் வாத்துக்கும் மதுவுக்கும் ஓடிவிடுகிறார்கள். தொடக்கத்தில் என்ன இருக்கிறது? அமென்நக்த், “என் அப்பா தலைமை மேஸ்திரி, பிறகு என் சகோதரன் நெஃபர்ஹோதெப். அவனைப் பகைவர் கொன்றார்கள். நான் இருக்க, பானெப் என் அப்பாவின் வேலைக்காரர்கள் ஐந்து பேரை அப்போதைய அமைச்சருக்குக் கொடுத்துப் பதவியை வாங்கிக்கொண்டான்” என்கிறான். முதல் புண் அதுதான்.

என் அப்பா ஸ்டோர்கீப்பர். அவர் மீது வந்த மனுவின் நகலை அம்மா பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். முதல் பத்தி சீனியாரிட்டி. அப்புறம் ஆபீஸ் பெட்ரோமாக்ஸ் விளக்கு, விறகு பிளந்த ஆட்கள், காணாமல் போன சிமெண்ட். விளக்கு மட்டும் உண்மை. பெரியக்கா கல்யாணத்துக்கு எடுத்து வந்து மறுநாளே திருப்பிக் கொடுத்தார். அந்த ஒன்று உண்மையாக இருந்ததால் சிமெண்டையும் ஊர் நம்பியது. ரிட்டயராகும் வரை அப்பா யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

பானெப் உத்தமன் என்று நான் சொல்லவில்லை. திருடியும் இருக்கலாம். ஆனால் அவன் பக்கத்துப் பதிலும் சரி, தீர்ப்பும் சரி, நமக்குக் கிடைக்கவில்லை. பதவி போனவன் சொன்னதை மட்டும் கேட்டு ஒருவனைத் திருடன் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? உங்கள் வயதில் இந்த அவசரம் கூடாது. மனுவின் மொழிபெயர்ப்பு 1929 முதலே இருக்கிறது. முதல் வரியிலிருந்து படித்துவிட்டு எழுதுங்கள். அப்போது வாத்தைப் பற்றியும் பேசலாம்.

அன்புடன்,
அக்கா