குழாய் இல்லாத இடத்தில் சின்னப் பிள்ளைகள் கை கழுவ என்ன வழி?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை மரத்தடியில் விளையாட விடுகிறோம், பக்கத்தில் குழாய் இல்லை, சாப்பிடும் முன் கை கழுவ வைக்க எளிய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் மையத்து வாசலிலும் குழாய் கிடையாது, குடத்துத் தண்ணீர்தான். அதனால் இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி வைத்து, வரிசையாக வந்து கையை முக்கி எடுக்கச் சொல்வோம். ஒரு முட்டை நாளில் வரிசையின் கடைசியில் ஒரு பெண் குழந்தை நின்றாள். காய்ச்சல் விட்ட உடம்பு என்று அன்று மண்ணையே தொடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவள். ஒழுங்காக முக்கினாள், போய் உட்கார்ந்து முட்டையை உரித்தாள். வெள்ளைக்கருவில் சாம்பல் நிறத்தில் அவள் விரல் தடம் அப்படியே விழுந்திருந்தது. அவளுக்கு முன்னால் முக்கிய பதினேழு பேரின் அழுக்கு அது. அன்றோடு பேசினை எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகவே தண்ணீர் ஓட வேண்டும். நூல் மாதிரி ஒழுகினாலும் போதும், ஆனால் ஒருவர் கழுவிய தண்ணீர் இன்னொருவர் கையில் படக் கூடாது. அடுத்தது, பிள்ளை தானே கழுவும்படி இருக்க வேண்டும். நாம் செம்பில் மொண்டு ஊற்றினால் நமக்குக் கை ஒழிந்த நேரத்தில்தான் அவர்கள் கழுவுவார்கள்.

இருப்பதிலேயே சுலபமானது பாட்டில். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில், அடியிலிருந்து இரண்டு விரல் மேலே, காய்ச்சிய ஊசியால் சின்ன ஓட்டை போடுங்கள். நிரப்பி மூடியை இறுக்கினால் தண்ணீர் வராது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் மெல்லிய தாரையாக வரும். மேலே காற்று போனால்தான் கீழே தண்ணீர் இறங்கும், அவ்வளவுதான் விஷயம். பாட்டிலைக் கையில் பிடிக்காமல் கழுத்தில் கயிறு கட்டிக் கிளையில் தொங்கவிடுங்கள். பிடித்து அமுக்கினால் மூடி இறுகியிருந்தாலும் பீய்ச்சும். ஓட்டை பிள்ளையின் இடுப்புக்குச் சற்று மேலே இருக்கட்டும். அதற்கு மேலே போனால் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிச் சட்டை நனைந்துவிடும். பயணம், வயல், கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் இது போதும்.

தினமும் ஒரே இடத்தில் விளையாடுகிறார்கள் என்றால் காலால் மிதிக்கும் குழாய் கட்டுங்கள். டிப்பி டாப் என்பார்கள். 1980களில் ஜிம்பாப்வேயில் உருவானது, இன்று பல நாடுகளில் பள்ளிக்கூட வாசல்களில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் தலையாட்டிக் குழாய். இரண்டு கவைக் கொம்புகளை நட்டு, குறுக்கே ஒரு கம்பு வைத்து, கைப்பிடி உள்ள கேனை அதில் கோத்துத் தொங்கவிட வேண்டும். கேனின் வாய்க்கு அரை ஜாண் கீழே, முன்பக்கம், சுட்ட ஆணியால் ஓட்டை. அந்த ஓட்டைக்குக் கீழே வரைக்கும்தான் தண்ணீர். கேன் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தரையில் கிடக்கும் குச்சியில் கட்டிவிட்டால், குச்சியை மிதிக்கும்போது கேன் தலை சாய்ந்து தண்ணீர் கொட்டும். காலை எடுத்தால் நின்றுவிடும். அழுக்குக் கை எதையும் தொடுவதில்லை.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். செய்முறைகளில் ஐந்து லிட்டர் கேன் என்றுதான் போட்டிருக்கும். நிறையத் தண்ணீர் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளை மிதித்து அது சாயாது. பாதிதான் நிரப்புங்கள், இல்லையென்றால் சின்ன கேனாகப் பாருங்கள். முதல் வாரம் மிதிப்பதே விளையாட்டாகி அரை மணியில் கேன் காலியாகும். திட்ட வேண்டாம், பழகிவிடுவார்கள். கீழே சரளைக்கல் பரப்பி, ஓரத்தில் கல்வாழை வைத்தால் தண்ணீர் தேங்காது, கொசுவும் வராது.

சோப்பு கட்டாயம். கிருமிநாசினி சோப்புதான் வேண்டும் என்பதில்லை, சாதா சோப்பே போதும். ஆனால் வெளியில் சோப்புக் கட்டி நூறு முறை மண்ணில் விழும். பழைய சாக்ஸுக்குள் போட்டு முடிச்சிட்டு கம்பில் கட்டிவிட்டோம். ஈரக்கையால் சாக்ஸைப் பிசைந்தாலே நுரை வருகிறது. காக்கா தூக்கிப் போவதும் நின்றது.

இருபது விநாடி தேய்க்க வேண்டும் என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இருபது வரை எண்ணத் தெரியாது. அதனால் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகக் குளிப்பாட்டச் சொல்கிறேன். "சுண்டு விரல் குளிச்சாச்சு, மோதிர விரல் குளிச்சாச்சு" என்று பத்து விரலும் முடியும்போது இருபது விநாடி ஆகியிருக்கும். கட்டை விரலைத்தான் எல்லோரும் மறப்பார்கள், இதில் அதுவும் தப்பாது. கழுவிய பிறகு துடைக்க ஒரே துண்டை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். கையை உதறி வெயிலில் காட்டட்டும்.

சானிடைசர் போதாதா என்று அம்மாக்கள் கேட்பார்கள். மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது. சின்னப் பிள்ளைகள் வாயில் ஊற்றிக்கொள்ளும் பயமும் இருக்கிறது. ஈரத்துணி, வைப்ஸ் எல்லாம் வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும். சாம்பல் எங்கள் பாட்டி காலத்துப் பழக்கம்; சோப்பு இல்லாதபோது ஒன்றுமில்லாததற்கு அது மேல், ஆனால் சிராய்ப்பு உள்ள கையில் எரியும்.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருடம் இரண்டு முறை குடற்புழு நீக்க நாள் வருகிறது, அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம். மாத்திரை வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்லும். மறுநாள் மண்ணிலிருந்து நகக்கண்ணில் ஏறும் முட்டையை அது தடுக்காது. அதனால் வாரம் ஒருமுறை நகமும் வெட்டிவிடுங்கள்.

கடைசியாக, கேன் பற்றி. சமையல் எண்ணெய் கேனை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் பிசுக்கு போய்விடும். வெயிலில் சில மாதத்தில் பிளாஸ்டிக் வெடிக்கும், அப்போது மாற்றுங்கள். ஆனால் பூச்சி மருந்து வந்த கேனை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். நல்லா கழுவியாச்சு என்று ஒருவர் எங்களுக்கு அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிய கையோடு அதை அவர் கண் முன்னாலேயே கத்தியால் கிழித்துவிட்டேன், வேறு யார் வீட்டிலும் அது தண்ணீர்க் கேனாகிவிடக் கூடாது என்று.