குறைவாக ஓடிய பழைய ஆல்டோ: வாங்கலாமா, எவ்வளவு செலவு வைக்கும்?

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "தெரிந்தவர் ஒருவர் 2015 மாடல் ஆல்டோ 800 எல்எக்ஸ்ஐ காரை 2,10,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். சிங்கிள் ஓனர். 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பள்ளிக்குப் போய்வர எனக்குத் தினமும் 30 கிலோமீட்டர், அதில் பாதி நான்குவழிச் சாலை. இரண்டு பிள்ளைகள். வாங்கலாமா? வருடத்துக்கு எவ்வளவு செலவாகும்?"

வண்டி நல்ல வண்டிதான். 796 சிசி, மூன்று சிலிண்டர், சிக்கல் இல்லாத என்ஜின். 2023-ல் உற்பத்தி நின்றுவிட்டாலும் சின்ன ஊர் ஸ்பேர் கடையில்கூடச் சாமான் கிடைக்கிறது. ஆனால், "38,000தான்" என்று உங்களுக்கு நிம்மதி தருகிற அந்த எண்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. பத்து வருடத்தில் 38,000 என்றால் வருடத்துக்கு நாலாயிரம்கூட இல்லை. வண்டி ஓடியதைவிட வெயிலில் நின்றதுதான் அதிகம். இரும்பு ஓடினால் தேயும். ரப்பர் சும்மா நின்றாலும் கெடும். இந்தக் காரில் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ரப்பரைத்தான்.

முதலில் டைமிங் பெல்ட், அதாவது என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பெல்ட். ஆல்டோ கே10-ல் இருக்கும் என்ஜினில் இந்த வேலையைச் செய்வது சங்கிலி. ஆல்டோ 800-ல் ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வண்டி நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும்; வால்வு வளைந்தால் ஹெட்டை, அதாவது என்ஜினின் மேல்பகுதியைக் கழற்ற வேண்டியதுதான். கிலோமீட்டர் கணக்கில் மாற்றும் நேரம் வரவில்லை என்று விற்பவர் சொல்வார். பத்து வருடப் பெல்ட்டை நான் நம்பமாட்டேன். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து வெளிப் பட்டறையில் 4,000 ரூபாய்க்குள் முடியும்.

அடுத்தது கூலன்ட், என்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம். சின்னக் கார்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். கூலன்ட் குறைந்தால் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் இருக்கிற உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாறை மாதிரி படியும். அப்புறம் ஏசி போட்டு நெரிசலில் நின்றால் சூடு ஏறும். ஏறிய பிறகும் ஓட்டினால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். ஹெட் அலுமினியம் என்பதால் வளையவும் செய்யும். 300 ரூபாய் கூலன்டுக்குப் பார்த்துவிட்டு 20,000 ரூபாய் வேலையோடு பட்டறைக்கு வந்த வண்டிகள் எத்தனையோ எனக்குத் தெரியும். என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே பச்சையோ நீலமோ தெளிவாக இருந்தால் சரி. துருப்பிடித்த பழுப்புத் தண்ணீராக இருந்தால் விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள். ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்த பிசுக்கு இருந்தால், கூலன்டும் குறைந்துகொண்டே போனால், அந்த வண்டி வேண்டாம்.

டயர்களில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) தேயாமல் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2419 என்றால் 2019-ன் 24-வது வாரம் செய்தது. ஆறு வருடத்தைத் தாண்டியிருந்தால், நான்குவழிச் சாலையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் போக வேண்டாம். 12 அங்குல டயர் என்பதால் நான்கும் சேர்ந்து 13,000 ரூபாய்க்குள் வரும்.

கிளட்ச் பெடல் கனமாக இருந்தால் "பிளேட் போச்சு" என்று 7,000 ரூபாய் எஸ்டிமேட் போடுவார்கள். இதில் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. முதலில் கேபிளை மாற்றச் சொல்லுங்கள், சில நூறு ரூபாய்தான். வேகத்தடையில் முன்பக்கம் 'டொக் டொக்' சத்தம் வந்தால் பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ், சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கிற ரப்பர். 2,500 ரூபாய்க்குள் போகும். பேட்டரி மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை 4,000.

உங்கள் ஊர் என்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடியில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை தெரிகிறதா? சீட் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பின் கீழ் மண், ஈர வாடை, இதில் எது இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். வயரிங்கில் தண்ணீர் புகுந்த வண்டி வருடக்கணக்கில் தொல்லை கொடுக்கும்.

செலவுக்கு வருவோம். மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர். விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்கு மேல். ஏசியோடு ஊருக்குள் ஓட்ட 18 என்று வையுங்கள். 500 லிட்டர், லிட்டர் 101 ரூபாய் என்றால் 50,500. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2015 வண்டி அதற்காகச் செய்ததல்ல. பழைய வகைக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று மத்திய அரசின் நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பெட்ரோல் ஹோஸ்களையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. சர்வீஸ் 5,000. இன்சூரன்ஸில் 1000 சிசிக்குள் உள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம், 2022-ல் நிர்ணயித்தபடி, 2,094 ரூபாயும் ஜிஎஸ்டியும். முழு பாலிசி எடுங்கள், சுமார் 6,500 ஆகும். திடீர் ரிப்பேருக்கு 12,000 தனியாக வையுங்கள். ஆகமொத்தம் 74,000, மாதம் ஆறாயிரத்துக்குச் சற்று மேல். 2030-ல் 15 வருடம் முடியும்போது ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் செலவும் வரும்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது பாதுகாப்பு. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014-ல் மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800-க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை.  2019 ஏப்ரலில் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. தினமும் நான்குவழிச் சாலையில் போகிறவர் நீங்கள். இன்னும் 60,000, 70,000 புரட்ட முடியும் என்றால், 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான ஆல்டோவைத் தேடுங்கள். 60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பரவாயில்லை. என் வீட்டுப் பெண்ணுக்கும் இதைத்தான் சொல்வேன்.

முடியாது, இந்த வண்டிதான் என்றால், பெல்ட், கூலன்ட் வேலை, டயர், பேட்டரி, புஷ் எல்லாம் சேர்த்து முதல் மாதமே 27,000 ரூபாய் வேலை இருக்கிறது. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதில் புது வண்டி விலையே குறைந்திருக்கிறது. பழைய வண்டியும் இறங்கத்தான் வேண்டும். 1,80,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். பார்க்கப் போகும் அன்று, "நான் வருகிறவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முந்தைய இரவே சொல்லிவிட்டுக் காலை ஏழு மணிக்குப் போங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறிய என்ஜினில் தெரியும் குறையை மறைக்க முன்பே ஸ்டார்ட் செய்திருக்கலாம்; வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.