முதல் ரைஃபிள்: துப்பாக்கியைக் கடைசியாக வாங்குங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. இலக்கு பார்த்துச் சுடக் கற்றுக்கொள்ள ஆசை. ‘சின்னது வாங்கினால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும், எடுத்த எடுப்பிலேயே பெரிய காலிபர், அதாவது பெரிய தோட்டா போடும் ரைஃபிள் வாங்கு’ என்கிறார் நண்பர். லைசென்ஸ் வர நாளாகும் என்பதால் அதுவரை தன் பெயரில் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். எந்த ரைஃபிள் வாங்கலாம்? சட்டப்படி என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: நண்பர் சொன்ன இரண்டாவது விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அது உங்களைச் சிறைக்கு அனுப்பக்கூடியது. ஒருவர் பெயரில் வாங்கி இன்னொருவர் கையில் வைத்திருப்பது, துப்பாக்கிச் சட்டம் இருக்கும் நாடுகளில் பொதுவாக இருவருக்குமே குற்றம். கொடுத்தவர் உரிமத்தை இழப்பார். உங்களுக்கோ, இனி எப்போது விண்ணப்பித்தாலும் அந்த வழக்கு குறுக்கே வந்து நிற்கும். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். துப்பாக்கிக்கு முன்பணம் கொடுப்பதைக்கூட அனுமதி கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம்.

அடுத்து வரிசை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடையில் தொடங்கி, உரிமம் வழியாகப் பயிற்சிக்கு வருகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் பயிற்சி, பிறகு உரிமம், கடைசியில் துப்பாக்கி. ஒரு சுடுதல் கிளப்பில் சேர்ந்து, அங்கே இருக்கும் ரைஃபிள்களில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க இரண்டு மூன்று மாதம் சுடுங்கள். பல நாடுகளில் உரிமத்துக்குக் கிளப் உறுப்பினர் சான்றோ பாதுகாப்புப் பயிற்சிச் சான்றோ கேட்கிறார்கள், அதனால் இந்த மாதங்கள் வீணாகப் போகாது. அதைவிட, எது உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்பதைக் காசு போடும் முன்பே தெரிந்துகொள்வீர்கள்.

கிளப்பில் முதல் நாளே இதைச் சோதியுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு பொருளை அதன் வழியே பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ, அதுதான் உங்கள் முதன்மைக் கண். வலது கைக்காரர் சிலருக்கு இடது கண் முதன்மையாக இருக்கும். இது தெரியாமல் வலது கை ரைஃபிள் வாங்கிவிட்டு, குறி ஏன் விலகுகிறது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் இடது தோளில் வைத்துச் சுடப் பழகலாம், அல்லது இடது கண்ணை மறைத்துக்கொண்டு சுடலாம். எதுவென்று பயிற்சியாளரோடு பேசி, வாங்கும் முன் முடிவுசெய்யுங்கள்.

சரி, எந்த ரைஃபிள்? என் பதிலில் தயக்கம் இல்லை: .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா போடும், கையால் ஏற்றிச் சுடும் போல்ட் ஆக்‌ஷன். ‘பாயிண்ட் டூ டூ’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1887ல் வந்த தோட்டா, இன்றும் ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் இதையே சுடுகிறார்கள். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஆறு மாதத்தில் அலுத்துவிடும் என்று சொல்பவர் அந்த வட்டத்துக்குள் பத்து குண்டுகளை வரிசையாக வைத்துக் காட்டட்டும்.

பெரிய காலிபர் ஏன் வேண்டாம் என்றால், காரணம் உங்கள் தோள்வலி மட்டும் இல்லை. .308 போன்ற ஒரு தோட்டாவின் பின்னுதைப்பு, .22ஐப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். சத்தமும் அடியும் வரப்போகின்றன என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், விசையை அழுத்தும் கணத்தில் கண் தானாக மூடும், தோள் முன்னால் தள்ளும். இந்தப் பதற்றம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கடினம். நாங்கள் அதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது: சுடுபவருக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைப் போட்டுவைப்போம். விசை ‘டிக்’ என்று விழும்போது குழல்முனை கீழே முங்கினால் வியாதி பிடித்துவிட்டது என்று அர்த்தம். .22ல் தொடங்கியவர்களுக்கு இது குறைவு. தோட்டாவும் மலிவு, அதனால் ஒரே செலவில் பல மடங்கு சுடலாம். சுடச் சுடத்தான் கை வரும்.

ஆனால் சின்னது என்று அலட்சியம் கூடாது. .22 குண்டு ஒரு மைலுக்கு மேல் பாயும், ஆளைக் கொல்லும். இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு இல்லாத இடத்தில் அதைச் சுடவே கூடாது. காதுக்கும் அப்படித்தான்: அதன் வெடிச்சத்தம் 140 டெசிபலை ஒட்டி வரும். காதுக் கவசம் இல்லாமல் ஒரு தடவை கூட வேண்டாம். ஈயத் தூசி கையில் ஒட்டும் என்பதால், சுட்டு முடித்ததும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

போல்ட் ஆக்‌ஷனைச் சொல்வதற்குக் காரணம், ஒவ்வொரு குண்டுக்கும் நீங்களே கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும் என்பதுதான். அரைத் தானியங்கியில் ஒரு குண்டு போனதும் அடுத்தது தானாக அறைக்குள் ஏறிக்கொள்ளும். புதியவர் ‘பட்டுடுச்சு!’ என்று சந்தோஷத்தில் திரும்பும்போது கையில் இருப்பது சுடத் தயாரான துப்பாக்கி. அந்தக் கைப்பிடியோடு சேர்ந்த உருளையான போல்ட்டை மொத்தமாக உருவி எடுத்துவிட்டால் குழலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும், காலியா இல்லையா என்ற சந்தேகமே வராது. சட்டத்திலும் இதற்குத் தடைகள் குறைவு. ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு அரைத் தானியங்கி .22கூட சாதாரண உரிமத்தில் கிடைப்பதில்லை.

கம்பெனி எது என்று பலர் கேட்பார்கள். சி.இசட். 457, டிக்கா டி1எக்ஸ், சாவேஜ் மார்க் 2 மூன்றுமே நல்லவை. அதைவிட முக்கியம், தோளில் அண்டக் கொடுக்கும் கட்டையின் நீளம். முழங்கையை மடக்கி, அதன் உட்குழியில் கட்டையின் அடியை வையுங்கள். விரலின் முதல் கணு விசையைச் சிரமமில்லாமல் தொட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தை வைத்து, கண்ணைத் திறங்கள். குறிமுள் நேராகத் தெரிந்தால் அது உங்கள் ரைஃபிள். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால், எத்தனை அழகான மரக்கட்டையாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஸ்கோப் (ரைஃபிள் மேல் பொருத்தும் தொலைநோக்கி) அவசரமில்லை. வாங்கினால் .22க்கென்று 50 கெஜத்தில் இடமாறு தோற்றம் (கண் சற்று அசைந்தாலே குறி இலக்கிலிருந்து நகர்வதுபோல் தெரிவது) சரிசெய்ததாகப் பாருங்கள். பெரிய ரைஃபிள்களுக்கானவை வழக்கமாக 100 கெஜத்துக்கு அமைந்திருக்கும்.

பழைய துப்பாக்கி வாங்குவதில் தப்பில்லை. முதலில் வரிசை எண்ணை விற்பவரின் ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அழித்த தடம் தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் விட்டு, துருக் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழல்முனையின் விளிம்பு நசுங்கியிருந்தால் குண்டு நேராகப் போகாது. குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரையும் படியுங்கள்: .22 மேக்னம் என்று இருந்தால் அது வேறு அளவு, அதில் .22 எல்.ஆர். போட்டுச் சுட்டால் தோட்டாவின் ஓடு வெடித்துப் பிளக்கலாம்.

இனி சட்டம். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இந்த விஷயத்தில் எல்லை தாண்டினால் எல்லாமே மாறும். இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு வரை சக்தி உள்ள, காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். பக்கத்தில் ஸ்காட்லாந்தில் 2016 முடிவிலிருந்து அதற்கும் சான்றிதழ் வேண்டும். ஆகவே காவல்துறையின் அல்லது உரிமம் வழங்கும் அலுவலகத்தின் விதிகளை நேரடியாகப் படியுங்கள், கடைக்காரர் சொல்வதைக் கேட்டு மட்டும் நடக்காதீர்கள். படிக்கும்போது இவற்றுக்குப் பதில் தேடுங்கள். உரிமம் உங்களுக்கா, அல்லது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாகவா? குறிப்பிட்ட காலிபருக்கு மட்டும்தானா? வாங்கிய பின் எத்தனை நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்? வீட்டில் எவ்வளவு தோட்டா வைக்கலாம்? கடையிலிருந்து வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோக வேண்டும்? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பத்தில் நோக்கம் கேட்பார்கள். விளையாட்டுக்கு என்றால் விளையாட்டுக்கு என்றே எழுதுங்கள். தற்காப்பு, வேட்டை என்று சேர்த்துப் போட்டால் பலமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் அவற்றுக்கு வழியே வேறு. பழைய வழக்கோ சிகிச்சையோ இருந்தால் மறைக்காதீர்கள், பொய்த் தகவல் தருவதே தனிக் குற்றம்.

இரும்புப் பெட்டியைத் துப்பாக்கிக்கு முன்பே வாங்கி, சுவரில் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். சில நாடுகளில் அதைப் பார்த்த பிறகுதான் அனுமதியே தருவார்கள். தோட்டா வேறு பூட்டில், சாவி உங்களிடம் மட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் யாருக்காவது, உங்களுக்கே கூட, மனம் உடைந்திருக்கும் காலம் வந்தால், கிளப்பின் ஆயுத அறையிலோ உரிமம் பெற்ற கடையிலோ சட்டப்படி ஒப்படைத்துவிடுங்கள். கேட்கச் சங்கடப்படவே வேண்டாம். அந்த நேரத்தில் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பது ஓர் உயிரைக் காக்கும்.

உரிமம் தாமதமானாலும் கவலை இல்லை. கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கேளுங்கள். 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் போட்டி அது. 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் அதில்தான். நிற்பது, மூச்சை நிறுத்துவது, விசையை மெல்லப் பிழிவது எல்லாம் அதிலேயே வந்துவிடும். .22 கைக்கு வரும் நாளில் நீங்கள் புதியவராக இருக்க மாட்டீர்கள்.