டுபாயில் போட்ட கையெழுத்தும் வராத சம்பளமும்

(2021 பெப்ரவரியில் எழுதிய பதில். இதில் சொல்லப்படும் அமீரகத்தின் 1980ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்துக்குப் பதிலாக 2022 பெப்ரவரியில் புதிய சட்டம் வந்துவிட்டது.)

கேள்வி: நான் மூதூரைச் சேர்ந்தவள். என் கணவர் 2017 மே மாதம் முகவர் நிலையம் ஒன்றின் மூலம், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, டுபாய்க்குத் துப்புரவு வேலைக்குப் போனார். அடிப்படைச் சம்பளம் 900 திர்ஹம். கொரோனா வந்தபின் 2020 ஏப்ரல், மே இரண்டு மாதமும் வேலை செய்தும் சம்பளம் தரவில்லை. ஜூன் மாதம் "சம்பளமில்லா விடுமுறை" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று மாதம் தொழிலாளர் முகாமில் ஒரே அறையில் எட்டுப் பேர், யாரோ கொண்டுவந்து கொடுத்த சாப்பாடு. செப்டெம்பரில் வேலையை நிறுத்தி, எல்லாம் பெற்றுக்கொண்டதாக இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த இரண்டு மாதச் சம்பளமும் முகாம் வாடகைக்குச் சரியாகிவிட்டதாம். என் காப்பையும் சங்கிலியையும் அடகு வைத்து டிக்கெட் எடுத்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டதால் இனி ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். அவரும் இதைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை.

பதில்: சகோதரி, ஒன்றும் கிடைக்காது என்று சொன்னவர்கள் சட்டம் படித்துச் சொல்லவில்லை. உங்களுக்குத் தடையாக இருப்பது அந்தக் கையெழுத்தை விட நாட்காட்டிதான். ஐக்கிய அரபு அமீரகத்தின் 1980ஆம் ஆண்டு 8ஆம் இலக்கத் தொழிற்சட்டப்படி, ஒரு கொடுப்பனவு சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் உரிமை கோர வேண்டும். இது 2021 பெப்ரவரி. ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கு இன்னும் இரண்டு மாதமளவே இருக்கிறது. மே மாதச் சம்பளத்துக்கு அதைவிட ஒரு மாதம் கூட. வேலை முடிந்ததற்கான பணிக்கொடைக்குச் செப்டெம்பர் வரை காலம் உண்டு. ஆனால் அதுவரை பொறுத்திருந்தால் சம்பளம் கைநழுவிவிடும். மூன்றையும் சேர்த்தே இப்போது கேளுங்கள்.

முதல் தாளை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 26ஆம் திகதி அமீரகத்தின் மனிதவள அமைச்சு 279ஆம் இலக்கத் தீர்மானத்தை வெளியிட்டது. தொற்றினால் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் வெளிநாட்டுத் தொழிலாளரின் சம்மதத்தோடு சம்பளமில்லா விடுமுறை கொடுக்கலாம், சம்பளத்தைக் குறைக்கலாம் என்று அது அனுமதித்தது. ஆகவே ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதச் சம்பளத்தைக் கேட்பது கடினம். அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஜூனில் போட்ட கையெழுத்து ஏப்ரலில் செய்த வேலையின் கூலியைத் தின்றுவிட முடியாது. அதே தீர்மானம் இன்னொன்றையும் சொல்கிறது: வேலை இல்லாமல் மிகையாகிப்போன தொழிலாளர் நாடு திரும்பும் வரை அல்லது வேறிடத்தில் வேலை செய்ய அனுமதி பெறும் வரை தங்குமிடத்தை நிறுவனமே தொடர்ந்து கொடுக்க வேண்டும். அப்படியிருக்க, முகாம் வாடகை என்று சம்பளத்தில் கைவைத்தது எந்த நியாயத்தில்? இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரே அறையில் எட்டுப் பேரை அடைத்துவைத்ததற்கு வாடகையா?

இரண்டாவது தாள்தான் சிக்கலானது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அரபு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வரிவரியாகக் கேட்டறியுங்கள். மூதூரில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. "தானாக விலகுகிறேன்" என்ற வாசகம் இருக்கிறதா என்பதே முக்கியம். தானாக விலகியவருக்குப் பணிக்கொடை குறையும், சிலவகை ஒப்பந்தங்களில் இல்லாமலே போகும். நிறுவனமே நிறுத்தியிருந்தால், முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். உங்கள் கணவருக்கு ஒரு நாளைக்கு 30 திர்ஹம், ஆண்டுக்கு 630. சம்பளமில்லாத மூன்று மாதத்தைக் கழித்தால் மூன்று ஆண்டும் ஒரு மாதமும். ஏறத்தாழ 1,940 திர்ஹம் வரும். நாடு திரும்பும் டிக்கெட்டும் நிறுவனத்தின் பொறுப்பே. அதற்கான பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

"எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்கு மறுமொழி வங்கியில் இருக்கிறது. அங்கே 2009 முதல் சம்பளம் வங்கி அல்லது நாணயமாற்று நிலையம் வழியாகவே போக வேண்டும் என்ற முறை நடைமுறையில் உள்ளது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அவருடைய கணக்கில் பணம் விழவில்லை என்று காட்டும் கணக்குக்கூற்று ஒன்றே போதும், அந்த வரியின் பலம் பெரிதும் குறைந்துவிடும்.

முறைப்பாட்டை முதலில் அந்நாட்டு மனிதவள அமைச்சிடம் பதிய வேண்டும். இணைய வழியாகவும் பதியலாம். அங்கே சமரசம் ஆகாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். தொழிலாளிக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. நீதிமன்றப் படி வந்தால் அவருக்காக அங்கே ஒருவர் நிற்க வேண்டும். அதற்கு, அவர் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும் கொழும்பிலுள்ள அமீரகத் தூதரகத்திலும் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இப்போதே தொடங்குங்கள். டுபாயிலுள்ள எங்கள் துணைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

இங்கேயும் ஒரு கதவு இருக்கிறது. 1985ஆம் ஆண்டு 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி, ஒப்பந்தம் மீறப்பட்டதாக அவரை அனுப்பிய முகவர் நிலையத்தின் மீது பணியகத்திடம் முறையிடலாம். மூதூர் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். பணியகத் தொலைபேசி இலக்கம் 1989. பணியகப் பதிவோடு வரும் காப்புறுதியில் ஏதும் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.

உங்கள் கணவர் பேசாமல் இருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள், அதில் அவருடைய குற்றம் எதுவும் இல்லை. அவரிடம் என்ன நடந்தது என்று கேட்காமல், எந்தத் திகதியில் என்று கேட்டுப் பாருங்கள்: கடைசியாக வேலைக்குப் போன நாள், தாள் நீட்டப்பட்ட நாள், அறையில் கூட இருந்த ஏழு பேரின் பெயர், ஊர். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த ஏழு பேரில் ஒருவராவது சாட்சி சொல்ல வந்தால் வழக்கின் நிலை மாறிவிடும்.