இசைத்தட்டின் வயதைப் பார்க்காதீர்கள், இயற்றியவர் மறைந்த ஆண்டைப் பாருங்கள்

கேள்வி: தியாகராஜர் கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவன் கீர்த்தனைகள் சிலவற்றையும் பாடி, யூடியூபில் போட நினைக்கிறேன். சிவன் பாட்டு இருக்கும் என் இசைத்தட்டு 1965-இல் வந்தது. எல்லாவற்றுக்கும் உரிமைக்காலம் முடிந்துவிட்டதாகச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

நம் நாட்டுச் சட்டப்படி, இயற்றியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவர் கீர்த்தனைகளைப் பாட யாரையும் கேட்க வேண்டாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973 அக்டோபரில். அப்படியானால் 2033 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) ஒருவர், மெட்டு இன்னொருவர் என்றால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

உங்கள் இசைத்தட்டு கதை வேறு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1965 பதிவின் உரிமை 2025-ஓடு முடிந்தது, சரி. ஆனால் முடிந்தது பதிவின் உரிமைதான், அதிலுள்ள பாட்டின் உரிமை அல்ல. ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இயற்றியவர் உயிரோடிருந்தவரை அச்சிலும் இசைத்தட்டிலும் வராமல், மேடையிலும் பாடப்படாமல் பெட்டியில் கிடந்த பாட்டு, அவர் காலத்துக்குப் பிறகு வெளியானால், 60 ஆண்டு வெளியீட்டிலிருந்துதான் எண்ணப்படும். 1973-இல் மறைந்தவரின் நோட்டிலிருந்து 1990-இல் முதன்முதலாக அச்சான பாட்டுக்கு 2050 முடியும்வரை உரிமை உண்டு. ஆகவே ‘இதுவரை யாரும் பாடாத கீர்த்தனை’ கையில் கிடைத்தால், அது எப்போது முதலில் வெளிவந்தது என்று தேடிப் பாருங்கள்.

சிவன் பாடல்களுக்கு, வாரிசுகளிடமோ அவர்களிடம் எழுதி வாங்கியவரிடமோ அனுமதி கேளுங்கள். ‘உரிமை என்னிடம்தான்’ என்று யார் வந்தாலும் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். உரிமையை மாற்றித் தந்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். எந்தப் பாடல், எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்க வேண்டும். காலம் குறிப்பிடாத பத்திரம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். வாய்ப்பேச்சு செல்லவே செல்லாது.

இவ்வளவு அலைச்சலும் பாடுகிறவர் தலையில் ஏன் விழ வேண்டும்? பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை என்பதால், பதிவேட்டில் பெயர் இல்லாததை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. போதாததற்கு, நீங்களே பாடிய தியாகராஜர் கீர்த்தனைக்கும் யாரோ ஒரு கம்பெனியின் பெயரில் யூடியூபின் தானியங்கி இயந்திரம் உரிமை கோரலாம். பயந்து வீடியோவை எடுத்துவிடாதீர்கள். இயற்றியவர் பெயர், மறைந்த ஆண்டு, குரலும் பக்கவாத்தியமும் உங்கள் சொந்தப் பதிவு என்ற விவரம், இந்த மூன்றையும் எழுதி யூடியூபுக்கு ஆட்சேபம் அனுப்புங்கள்.